பைப்ரொயிட் கட்டியை இரத்தச் சோதனையில் கண்டுபிடிக்கலாமா?

கேள்வி, 2025 ஜனவரி 18

என்னுடைய அக்காவுக்கு 43 வயது, தம்பலகாமத்தில் இருக்கிறா. ஸ்கான் செய்து பார்த்ததில் கர்ப்பப்பையில் 6 சென்ரிமீற்றர் பைப்ரொயிட் கட்டி என்று சொல்லிவிட்டார்கள். மாதவிடாய் வந்தால் எட்டு ஒன்பது நாள் போகும், நிறையப் படும். இப்போது வெளிநாடுகளில் இரத்தத்தில் இருக்கிற ஏதோ மெற்றபொலைட்டுகளை வைத்தே இந்தக் கட்டியைக் கண்டுபிடிக்கிறார்களாம், அது புற்றுநோயா இல்லையா என்பதும் அதிலேயே தெரிந்துவிடுமாம் என்று மச்சான் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார். கொழும்பில் ஓரிடத்தில் இரத்தம் எடுத்து இந்தியாவுக்கு அனுப்பிப் பார்த்துத் தருவார்கள் என்றும் சொல்கிறார். நல்ல காசு கேட்கிறார்கள். அக்காவைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

ஜனவரி 18, இரவு

வேண்டாம் தங்கச்சி, அந்தக் காசைக் கையில் வைத்திருங்கள். காரணத்தை நாளைக்கு ஆறுதலாக எழுதுகிறேன். அதற்கு முதல் அக்காவின் எஃப்பிசி (முழு இரத்த அணு எண்ணிக்கை) ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு, எம்சிவி (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) எவ்வளவு, ஆர்பிசி (சிவப்பணு எண்ணிக்கை) எவ்வளவு? பெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பு) எப்போதாவது பார்த்தார்களா?

ஜனவரி 19

நான் திருகோணமலையில் ஆய்வுகூட வேலை செய்கிறவள். இரத்தம் எடுப்பேன், மெஷினில் போடுவேன், ரிப்போர்ட்டில் கையெழுத்து வைப்பேன். டொக்டர் இல்லை. எனக்கும் இதே கட்டி இருக்கிறது, ஆகவே ஊசியின் இரண்டு பக்கத்திலும் இருந்திருக்கிறேன்.

மச்சான் அனுப்பிய செய்தி முழுப் பொய் இல்லை. உடம்பு உணவை எரிக்கும்போதும் ஒன்றை உடைத்து இன்னொன்றைக் கட்டும்போதும் சின்னச் சின்ன மூலக்கூறுகள் இரத்தத்தில் வந்து சேரும். குளுக்கோஸ், லக்டேட், அமினோ அமிலங்கள், கொழுப்பமிலங்கள் எல்லாம் அந்த வகைதான், அவற்றைத்தான் மெற்றபொலைட் என்கிறார்கள். மாஸ் ஸ்பெக்ட்ரோமீற்றர், என்எம்ஆர் மாதிரியான மெஷின்களில் சிறிதளவு இரத்தத்திலேயே நூற்றுக்கணக்கானவற்றை ஒரே தடவையில் அளக்கலாம். கட்டி உள்ள பெண்கள், இல்லாத பெண்கள் என்று இரண்டு கூட்டத்தின் இரத்தத்தையும் அளந்து, எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஆராய்ச்சி உண்மை. அதை எடுத்து ஒரு பக்கேஜ் என்று விலை போட்டு உங்களுக்கு விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலாவது, 500 பொருளை அளந்தால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். புள்ளிவிவரத்தில் வழக்கமாக வைக்கிற 5 வீத எல்லையை அப்படியே வைத்தால், இரண்டு கூட்டத்துக்கும் இடையில் ஒரு வித்தியாசமும் இல்லாவிட்டாலும் 25 பொருள் ‘வித்தியாசமாக’ வந்து நிற்கும். அதனால்தான் ஒரு கூட்டத்தில் கண்டதை வேறொரு ஊரில் வேறொரு கூட்டத்தில் மறுபடி காட்டும்வரை அதை அடையாளம் என்று சொல்லக்கூடாது.

இரண்டாவதுதான் எனக்குப் பெரிசு. கட்டி இருக்கிறதா என்று அறிய இரத்தம் எதற்கு? வயிற்றில் ஜெல்லைப் பூசி ஸ்கான் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும், எத்தனை, எங்கே, எந்த அளவு என்பது வரை. அமெரிக்காவில் 2003 இல் வெளிவந்த ஆய்வொன்றில், 50 வயதாகும்போது வெள்ளைக்காரப் பெண்களில் ஏறத்தாழ 70 வீதத்தினருக்கும் கறுப்பினப் பெண்களில் 80 வீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கும் பைப்ரொயிட் இருக்கும் என்று கணக்கிட்டார்கள். இதில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை, பலருக்கு இருப்பதே தெரியாது. இப்படிப் பரவலாக இருக்கிற ஒன்றுக்கு ‘உண்டு’ என்று ஒரு இரத்த ரிப்போர்ட் வந்தால் அதை வைத்து என்ன செய்வது? எந்தக் கட்டி வளரும், எது இரத்தப்போக்கைக் கூட்டும், எதை அகற்ற வேண்டும், எதைச் சும்மா விடலாம் என்று சொல்கிற சோதனைதான் நமக்கு வேண்டும். காசு கொடுத்து வாங்கக்கூடிய அப்படியொரு மெற்றபொலைட் சோதனை இன்னும் வரவில்லை.

ஜனவரி 19, பின்னேரம்

கொலஸ்ரோல் கூடினால் கட்டி வருமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார், அப்படியொரு வீடியோ சுற்றுகிறதாம். வட பின்லாந்தில் 1966 இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து பார்த்துவரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் 46 வயதான பெண்களில், கட்டி உள்ளவர்களுக்குக் கெட்ட கொலஸ்ரோல் எனப்படும் எல்டிஎல்லும் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பும் சற்றுக் கூடவே இருந்தன. அமெரிக்கத் தாதியரைப் பார்த்த இன்னொரு ஆய்வில் (2005) பிரஷரின் கீழ் எண் ஒவ்வொரு 10 கூடும்போதும் கட்டி வரும் வாய்ப்பு 8 முதல் 10 வீதம் வரை கூடியது. ஆகவே தொடர்பு இருக்கிறது. எது எதைக் கொண்டுவருகிறது என்பது வேறு விஷயம். உடம்பில் கொழுப்புக் கூடினால் அந்தக் கொழுப்பிலேயே ஈஸ்ரோஜன் என்ற பெண் ஹோர்மோனும் உண்டாகும், ஈஸ்ரோஜன் கட்டிக்குத் தீனி. ஒரே வேரிலிருந்து இரண்டும் வந்திருக்கலாம். கொலஸ்ரோல் குளிசை போட்டால் கட்டி கரையும் என்று அந்த வீடியோவில் சொன்னால் நம்ப வேண்டாம்.

ஜனவரி 25

தங்கச்சி எண்களை அனுப்பிவிட்டா. ஹீமோகுளோபின் 9.4, எம்சிவி 71, ஆர்பிசி 4.2. பெரிட்டின் ஒருநாளும் பார்க்கவில்லை.

இதை வாசித்ததும் எனக்கு மனம் கனத்துவிட்டது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 க்குக் கீழே போனால் இரத்தச்சோகை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 9.4 உடன் அந்தப் பெண் வயலுக்குப் போகிறா, சமைக்கிறா, பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்குகிறா. மெற்றபொலைட் தேடி இந்தியாவுக்கு இரத்தம் அனுப்பப் பார்க்கிறோம், அதே இரத்தம் இங்கேயே எழுதிக் காட்டியதை ஒருவரும் வாசிக்கவில்லை.

என்னுடைய கதையையும் சொல்கிறேன். எனக்கு ஹீமோகுளோபின் 11.8 ஆக இருந்தது. நான் காட்டிய இடத்தில் ‘கிட்டத்தட்ட நோர்மல்தான்’ என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் கோணேசர் கோவிலுக்கு ஏறுகிற பாதையில் பாதியில் நிற்க வேண்டியிருந்தது, தலைமுடி கை கையாகக் கொட்டியது, பச்சை அரிசி மெல்ல வேண்டும் போலவே இருந்தது. பிறகு பெரிட்டின் பார்த்தால் 6. பெரிட்டின் என்பது உடம்பு சேமித்து வைத்திருக்கிற இரும்பின் அளவு. வேறு வருத்தம் இல்லாத பெரியவர்களுக்கு 15 க்குக் கீழே போனால் சேமிப்பு வற்றிவிட்டது என்று அர்த்தம், பல டொக்டர்மார் 30 க்குக் கீழேயே கவனிக்கத் தொடங்குகிறார்கள். சேமிப்பு முழுக்கத் தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். அதனால் ஹீமோகுளோபின் நல்லாயிருக்கிறது என்பதை வைத்து இரும்பு இருக்கிறது என்று சொல்ல முடியாது.

காய்ச்சல், கிருமித்தொற்று, மூட்டுவாதம் மாதிரி அழற்சி ஏதும் இருந்தால் பெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும். அப்படியானவர்களுக்கு பெரிட்டின் எல்லையை 70 என்று எடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே தடிமன் காய்ச்சலோடு போய்ச் சோதிக்க வேண்டாம்.

ஜனவரி 26

ஆர்பிசி எதற்குக் கேட்டீர்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். எம்சிவி குறைவாக இருந்தால் இரும்புக் குறைவாக இருக்கலாம், இல்லையென்றால் அந்த ஆள் தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடு) மரபணுவைச் சுமக்கிற காவியாக இருக்கலாம். நம் நாட்டில் காவிகள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தேவையில்லாமல் வருடக்கணக்கில் இரும்பு கொடுக்கக்கூடாது. எம்சிவியை ஆர்பிசியால் பிரித்துப் பாருங்கள். 13 க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் யோசிக்கலாம், மேலே வந்தால் இரும்புக் குறைவு பக்கம். அக்காவுக்கு 71 ஐ 4.2 ஆல் பிரித்தால் ஏறத்தாழ 17. இது ஒரு கைக்கணக்கு மட்டும்தான், முடிவு அல்ல. பெரிட்டின் பார்த்தால் உறுதியாகும்.

பெப்ரவரி 2

தங்கச்சி இன்னொரு ரிப்போர்ட்டும் அனுப்பினா. அக்காவுக்கு எச்பிஏ1சி 6.1, ‘சீனி வருத்தம் தொடங்குகிறது, சோற்றைக் குறை’ என்று சொல்லியிருக்கிறார்களாம். வெறுவயிற்றுச் சீனி 92, அது நோர்மல். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

எச்பிஏ1சி என்பது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சீனி ஒட்டியிருக்கிறது என்பது. இரும்புக் குறைவில் அந்த எண் உண்மையான சீனியைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும், இரும்பு ஏறியதும் தானாகவே இறங்கும். இரத்தம் ஏற்றினாலோ புதிதாக நிறையச் சிவப்பணுக்கள் உண்டாகினாலோ எதிர்ப்பக்கமாகக் குறைத்துக் காட்டும். ஆகவே அக்காவுக்குச் சீனி வருகிறது என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது, வரவில்லை என்றும் நான் சொல்லவில்லை. இரும்பைச் சரிசெய்த பிறகு திரும்பப் பார்க்கட்டும். தேவை என்றால் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் செய்கிற சோதனை இருக்கிறது. அதுவரை அவவை அரை வயிற்றோடு வைத்திருக்காதீர்கள், ஏற்கனவே களைத்துப் போயிருக்கிறா.

இதை எழுதும்போதுதான் எனக்கு வேறொரு யோசனை வந்தது. கட்டி உள்ள பெண்களின் இரத்தத்தில் சக்திப் பரிமாற்றப் பொருட்கள் மாறியிருக்கின்றன என்று ஆராய்ச்சிகளில் பார்க்கிறோமே, அதில் எவ்வளவு கட்டியினால் வந்தது, எவ்வளவு இரத்தப்போக்கினால் வந்த இரும்புக் குறைவினால் வந்தது? இரும்பு இல்லாவிட்டால் ஒட்சிசன் கொண்டுபோவது மட்டுமல்ல, உயிரணுவுக்குள் சக்தி உண்டாக்குகிற இழைமணியின் நொதிகளே தடுமாறும், லக்டேட் கூடும். கட்டி இல்லாமல் வேறு காரணத்தால் இரத்தம் போகிற பெண்ணின் இரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் அது கட்டியின் அடையாளமா என்று சொல்லலாம். இப்படியான ஆய்வை வாசிக்கும்போது நான் இப்போது முதலில் தேடுவது, பெரிட்டின் அளந்தார்களா என்பதைத்தான்.

பெப்ரவரி 9

இன்று பதினொரு மணி கடந்ததும் நாடு முழுக்கக் கரண்ட் போனது எல்லோருக்கும் தெரியும். நான் வேலையில் இருந்தேன். ஜெனரேற்றர் பிடித்துக்கொண்டது, ஆனாலும் சென்ரிபியூஜில் (சுழற்றி அணுக்களைப் பிரிக்கும் மெஷின்) போட வரிசையில் இருந்த குழாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இந்தக் கேள்வி பதில்தான் மனதில் வந்தது.

எடுத்த இரத்தம் குழாய்க்குள்ளும் உயிரோடுதான் இருக்கிறது. அணுக்களைப் பிரிக்காமல் வைத்தால் அவை அங்கேயே சீனியைத் தின்னும், ஒரு மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் வரை குளுக்கோஸ் குறையும், லக்டேட் ஏறும். வெயில் நேரத்தில் இன்னும் வேகம். சாதாரணச் சீனிச் சோதனைக்குச் சாம்பல் மூடிக் குழாய் கொடுப்பதும் இதற்குத்தான், அதற்குள் புளோரைட் இருக்கிறது. மெற்றபொலைட் ஆராய்ச்சிக்காரர் எடுத்த உடனே பிரித்து, மைனஸ் 80 பாகையில் உறைய வைத்து, உலர்பனியில் அனுப்புவார்கள். எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே மாதிரி வெறுவயிறு, மாதவிடாய் எத்தனையாம் நாள், கருத்தடைக் குளிசை போடுகிறாரா என்பது வரை எழுதுவார்கள். நீங்கள் சொன்ன இடத்தில் இரத்தத்தை எப்படி வைத்திருந்து எப்படி அனுப்புவார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஐஸ்பெட்டி என்று பதில் வந்தால் மெஷின் எவ்வளவு திறமானதாக இருந்தாலும் பயனில்லை.

பெப்ரவரி 16

விற்றமின் டி பற்றிக் கேட்டவர்களுக்கு.

இது வெறும் கதை இல்லை. 2013 இல் அமெரிக்க ஆய்வொன்றில், 35 முதல் 49 வயதுப் பெண்களில் இரத்தத்தில் விற்றமின் டி 20 க்கு மேல் இருந்தவர்களுக்குக் கட்டி இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. ஆய்வுகூடத்தில் வளர்த்த கட்டி அணுக்களிலும் விற்றமின் டி வளர்ச்சியை மட்டுப்படுத்தியது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெள்ளைக்காரர் வந்து வெயிலில் படுத்துக் கிடக்கிற ஊர் இது, எங்களுக்கு எப்படி டி குறையும் என்று கேட்கலாம். வெயில் கொளுத்துகிறபடியால்தான் நாங்கள் அதற்குள் நிற்பதில்லை. உடம்பை மூடிக்கொண்டு குடையும் பிடித்துப் போகிறோம், கறுத்த தோல் டி உண்டாக்க நேரம் எடுக்கும், பகல் முழுக்க ஒஃபிஸுக்குள் இருக்கிறோம். தென்னாசியாவில் குறைவு பரவலாகவே காணப்படுகிறது.

ஆனால் குறைவு இருந்தால் நிரப்புங்கள் என்றுதான் சொல்வேன், எலும்புக்கு அது எப்படியும் தேவை. 6 சென்ரிமீற்றர் கட்டியை டி குளிசை கரைத்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம். சோதிக்காமல் பெரிய டோஸ் எடுத்தால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் பாதிக்கும்.

மார்ச் 1

புற்றுநோய்க் கேள்விக்கு வருகிறேன். தள்ளிப்போட்டதற்குக் காரணம், பயம் இருக்கிற இடம் இது, அவசரமாக எழுத விருப்பமில்லை.

பைப்ரொயிட் புற்றுநோய் இல்லை. அது புற்றுநோயாக மாறுவதும் மிக மிக அரிது, பெரும்பாலும் இல்லை என்றே கருதுகிறார்கள். கர்ப்பப்பைத் தசையில் வருகிற லயோமயோசார்க்கோமா என்ற புற்றுநோய் தனியாக உண்டாகிறது. தொல்லை என்னவென்றால் ஸ்கானில் அதுவும் பைப்ரொயிட் மாதிரியே தெரியலாம். 2014 இல் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க எஃப்டிஏ, பைப்ரொயிட் என்று நினைத்து ஒப்பரேஷன் செய்த பெண்களில் 350 பேருக்கு ஒருவரிடம் மறைந்திருந்த சார்க்கோமா இருக்கலாம் என்று எச்சரித்தது, கட்டியை உள்ளேயே துண்டுதுண்டாக வெட்டி எடுக்கும் மெஷினைப் பற்றிய எச்சரிக்கை அது. பிறகு வந்த கணக்குகள் பல இதைவிடக் குறைவாகச் சொல்கின்றன.

ஆயிரம் பெண்களில் ஒருவருக்கு இருக்கிறது என்று வையுங்கள். 95 வீதம் சரியாகச் சொல்லும் ஒரு இரத்தச் சோதனை வந்துவிட்டது என்றும் வையுங்கள், உண்மையில் மிக நல்ல சோதனை அது. அந்த ஒருவரை அநேகமாகப் பிடித்துவிடும். மீதி 999 பேரில் 5 வீதம், அதாவது 50 பேருக்குப் பொய்யாகப் புற்றுநோய் என்று சொல்லும். அந்த ஐம்பது பேரின் நித்திரையும் கர்ப்பப்பையும் போய்விடும். அரிய வருத்தத்துக்குச் சோதனை எவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும் என்பது இதில் தெரியும்.

சிஏ 125 என்ற இரத்தச் சோதனை பார்த்தால் புற்றுநோயா என்று தெரியும் என ஒருவர் எழுதியிருந்தார். தெரியாது. 35 க்கு மேல் போனால் சூலகப் புற்றுநோய் என்று பலர் நடுங்குகிறார்கள், ஆனால் பைப்ரொயிட், எண்டோமெற்றியோசிஸ், அடினோமயோசிஸ் (கர்ப்பப்பை உட்சுவரின் திசு வேறிடத்தில் வளரும் வருத்தங்கள்), கர்ப்பம், ஏன், வழக்கமான மாதவிடாய் நாட்களில்கூட அது கூடலாம். தேவையில்லாமல் அதைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு வருகிற பிள்ளைகளை நான் கவுண்டரில் கண்டிருக்கிறேன். வயதான, மாதவிடாய் நின்ற பெண்ணில் ஸ்கானில் சந்தேகம் இருந்தால் டொக்டர் எழுதுவார், அது வேறு.

எல்டிஎச் (அணுக்களுக்குள் இருக்கும் ஒரு நொதி) பற்றிச் சொன்னால் கொஞ்சம் பொருள் இருக்கிறது. சார்க்கோமாவில் எல்டிஎச் கூடுவதை ஜப்பானிய டொக்டர்மார் 2002 இல் எம்ஆர்ஐயோடு சேர்த்துப் பார்த்து, அழுகிப்போகிற சாதாரணக் கட்டியிலிருந்து பிரித்தறிய உதவுகிறது என்று காட்டினார்கள். தனியாக அதை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை.

மார்ச் 2

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எல்டிஎச் சிவப்பணுவுக்குள் நிறைய இருக்கிறது. மெல்லிய ஊசியால் சிரிஞ்சைப் பலமாக இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ, மூதூரிலிருந்து மோட்டார் சைக்கிள் பெட்டியில் குலுங்கி வந்தாலோ அணுக்கள் உடைந்து எண் எகிறும். சீரம் சிவந்திருந்தால் நாங்கள் ரிப்போர்ட்டில் ‘ஹீமோலைஸ்ட்’ என்று எழுதுவோம். அந்தச் சொல் இருந்தால் பயப்பட வேண்டாம், திரும்ப இரத்தம் கொடுங்கள்.

மாதவிடாய் நின்ற பிறகும் வளர்கிற கட்டி, நின்ற பிறகு மறுபடி இரத்தம் படுவது, இந்த இரண்டுக்கும் எந்த இரத்த ரிப்போர்ட்டுக்காகவும் காத்திராமல் நேரே கிளினிக்குக்குப் போங்கள். மாதவிடாய் நின்று ஈஸ்ரோஜன் இறங்கினால் பைப்ரொயிட் சுருங்கத்தான் வேண்டும்.

மார்ச் 15

இந்த ஆராய்ச்சியே வீண் என்று நான் சொல்வது போல ஒருவருக்குப் பட்டிருக்கிறது. இல்லை, எனக்கு இதில் பெரிய ஆசை இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு, உயிரணு உணவிலிருந்து சக்தி எடுக்கும் கிரெப்ஸ் வட்டம் நினைவிருக்கும், நாங்கள் பாடமாக்கிப் பாடமாக்கி மறந்த அதே வட்டம். அதில் பியூமரேற்றை மேலேற்றாக மாற்றுகிற நொதி ஒன்று உண்டு. அந்த நொதியின் மரபணு பழுதானால் பியூமரேற் தேங்கும். அப்படியான குடும்பங்களில் இளம் வயதிலேயே பெரிய பெரிய பைப்ரொயிட்டுகள் நிறைய வரும், தோலில் நோகிற சின்னக் கட்டிகள் வரும், சிலருக்கு வேகமாகப் பரவும் சிறுநீரகப் புற்றுநோய் வரும். இது 2002 இல் கண்டுபிடிக்கப்பட்டது. சக்திப் பரிமாற்றத்தில் ஒரே ஒரு படி தவறினால் கர்ப்பப்பையில் கட்டி வருகிறது என்றால், இரத்தத்தில் தேடுவதற்கு நியாயம் இருக்கிறதுதானே.

ஆனால் அது மிக அரிது. பெரும்பாலான கட்டிகளுக்கு வேறு காரணம். 2011 இல் ஹெல்சிங்கியில், ஏறத்தாழ 70 வீதக் கட்டிகளில் எம்இடி12 என்ற மரபணு மாறியிருப்பதைக் கண்டார்கள். அந்த மாற்றம் உள்ள கட்டிகளில் டிரிப்டோபன் என்ற அமினோ அமிலம் கைனுரெனின் என்ற பொருளாக மாறும் வழி வேகமெடுத்து, அதுவே வளர்ச்சியைத் தூண்டுகிறது என்று சிக்காகோவில் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் புலுன் குழுவினர் 2023 இல் காட்டினார்கள். இது கட்டியின் திசுவில் கண்டது. கை நரம்பில் எடுக்கிற இரத்தத்தில் அதே பொருளின் அளவை ஈரல், குடல், மனஅழுத்தம், கிருமித்தொற்று எல்லாமே மாற்றும். திசுவில் கண்டது கையில் எடுக்கிற இரத்தத்திலும் அப்படியே தெரிய வேண்டும் என்றில்லை. என்றாலும் ஒருநாள் இந்த வழியைத் தடுக்கிற மருந்து வரலாம், எந்தப் பெண்ணுக்கு அது வேலை செய்யும் என்று இரத்தத்தில் பார்க்கலாம். அப்படி வந்தால் முதல் ஆளாக என் இரத்தத்தைக் கொடுப்பேன்.

உங்கள் குடும்பத்தில் இளம் வயதில் பல கட்டிகள், அதோடு சிறுநீரகப் புற்றுநோயும் இருந்தால் அதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அம்மம்மா எதனால் செத்தா என்பதும் ஒரு மருத்துவக் குறிப்புத்தான்.

மார்ச் 16

தம்பி, ‘ஹீமோகுளோபின் கூடக் கட்டியால் ஏறும்’ என்று நீங்கள் எழுதியது சரிதான், விசித்திரமாகத் தெரிந்தாலும் உண்மை. சில பெரிய கட்டிகள் எரித்ரோபொயெற்றின் என்ற பொருளைத் தாங்களே உண்டாக்கிச் சிவப்பணுவைக் கூட்டிவிடும், கட்டியை எடுத்தால் சரியாகும். நான் என் வேலையில் கண்டதில்லை. கட்டி உள்ள பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 17 வந்தால் மெஷின் பிழை என்று தூக்கிப் போட வேண்டாம்.

மார்ச் 29

அக்காவின் பெரிட்டின் வந்துவிட்டது, 5. டொக்டர் இரும்புக் குளிசையும் இரத்தப்போக்கைக் குறைக்க ரனெக்ஸாமிக் அமிலமும் எழுதியிருக்கிறார், ஒப்பரேஷனா, கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹோர்மோன் வளையமா என்று பிறகு பார்ப்போம் என்றாராம். நல்லது.

குளிசை போட்டால் வயிறு பிரட்டுகிறது, மலம் கறுக்கிறது என்று அக்கா நிறுத்தப் பார்க்கிறாவாம். மலம் கறுப்பது இரும்பினால்தான், பயம் வேண்டாம். பிரட்டலுக்கு டொக்டரிடம் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேளுங்கள். சூரிச்சில் 2017 இல் இரும்பு குறைந்த இளம் பெண்களில் பார்த்தபோது, நாளாந்தம் எடுப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் ஒவ்வொரு குளிசையிலிருந்தும் கூடுதலான வீதம் உறிஞ்சப்பட்டது. இன்று போட்ட குளிசை ஹெப்சிடின் என்ற ஹோர்மோனை ஏற்றிவிடும், அது நாளைக்குக் குடலின் கதவைச் சாத்தும்.

தேத்தண்ணீரோடு குளிசை போடாதீர்கள். இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை, எங்கள் ஊரில் பிளேன்ரீ இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். குளிசைக்கு முன்னும் பின்னும் ஒன்று இரண்டு மணித்தியாலம் விடுங்கள், தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நல்லது. முருங்கையிலை வறை, பொன்னாங்காணி எல்லாம் சாப்பிடுங்கள், ஆனால் கீரையில் இருக்கிற இரும்பு லேசில் ஏறாது. மீன், இறைச்சி, ஈரல் சேர்த்தால் கீரையின் இரும்பும் கூட ஏறும். சைவக்காரர் தேசிப்புளி விட்டுக்கொள்ளுங்கள். பெரிட்டின் 5 ஆக இருக்கிற ஒருவர் சாப்பாட்டால் மட்டும் நிரப்பப் பார்ப்பது கஷ்டம், மாதா மாதம் அதைவிடக் கூட வெளியே போகிறது.

சித்த மருந்து பற்றியும் கேட்டிருந்தார்கள். கோணேசபுரியில் சித்த மருத்துவம் பல்கலைக்கழகப் படிப்பாகவே இருக்கிறது, படித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள். பெரும்பாட்டுக்கு அசோகப்பட்டை, சோகைக்கு அயச்செந்தூரம் எல்லாம் பரம்பரையாக வருகிறது. நான் கேட்பது ஒன்றுதான்: எந்த மருந்து எடுத்தாலும் முன்னும் பின்னும் எஃப்பிசியும் பெரிட்டினும் பாருங்கள், இரண்டு பக்க வைத்தியருக்கும் எல்லாவற்றையும் சொல்லுங்கள். செந்தூரமும் இரும்புக் குளிசையும் சேர்ந்தால் இரண்டுமே இரும்புதான்.

ஏப்ரல் 20

சித்திரைப் புதுவருடத்துக்கு அக்கா தங்கச்சி வீட்டுக்கு வந்து நின்றாவாம், முந்தி மாதிரி மத்தியானம் படுக்கவில்லையாம். சந்தோஷம்.

இங்கே எழுதாமல் தனியாக எழுதிய பெண்கள் நிறையப் பேர். அநேகமானவர்கள் கேட்பது, ‘இவ்வளவு படுவது வழக்கம்தானே?’ என்பது. அம்மாவுக்கும் அப்படித்தான், பெரியம்மாவுக்கும் அப்படித்தான் என்று எழுதுகிறார்கள். புத்தகத்தில் 80 மில்லிலீற்றருக்கு மேல் என்று போட்டிருக்கும், அதை யார் அளக்கப் போகிறார்கள்? ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாட் மாற்ற வேண்டியிருந்தால், இரத்தம் பெரிசு பெரிசாக உறைந்து விழுந்தால், இரவில் துணி விரித்துப் படுத்தால், அந்த நாட்களில் பஸ்ஸில் ஏறப் பயந்தால் அது அதிகம். போய்க் காட்டுங்கள். 35 வயது தாண்டியவர்களுக்கு எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பிரிவில் பெண்களுக்கான வெல்வுமன் கிளினிக் நடக்கிறது, பிரஷர், சீனி, பாப் சோதனை (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கானது) எல்லாம் காசில்லாமல் பார்க்கிறார்கள். உங்கள் பகுதி மிட்வைஃபைக் கேட்டால் நாள் சொல்வா. அங்கே போகும்போது இரத்தப்போக்கையும் நீங்களாகவே சொல்லுங்கள், கேட்கும்வரை இருக்க வேண்டாம்.

ஆய்வுகூட ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. எம்சிவி 71 ஐக் கையெழுத்து வைத்து அனுப்பும்போது ‘பெரிட்டின் பார்ப்பது நல்லது’ என்று ஒரு வரி எழுதினால் என்ன? நான் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

மே 11

தங்கச்சியின் கடைசிக் கேள்வி: மச்சான் இன்னும் அந்தச் சோதனையை விடுகிறாரில்லை, அக்காவுக்கு மனம் ஆறுதலாக இருக்கட்டும் என்று காசையும் தானே கொடுக்கிறேன் என்கிறாராம்.

மச்சானின் அன்பு விளங்குகிறது. அந்தக் காசில் கொழும்புக்குப் போகாமல் இங்கேயே ஒரு நல்ல ஸ்கான் மறுபடி எடுங்கள், முதல் ஸ்கானையும் கொண்டுபோய் கட்டி வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடச் சொல்லுங்கள், கர்ப்பப்பையின் உட்சுவரைத் தள்ளுகிற இடத்தில் இருக்கிறதா வெளிப்பக்கமா என்று எழுதச் சொல்லுங்கள். இரத்தம் கூடப் படுவது அளவைவிட இடத்தைப் பொறுத்தது, உள்ளறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கட்டி வெளிப்பக்கப் பெரிய கட்டியைவிடக் கூடப் போக்கும். டொக்டர் என்ன வழி எடுப்பார் என்பதும் அதில்தான் தங்கியிருக்கிறது.

மீதிக் காசில் ஜூன் கடைசியில் எஃப்பிசி, பெரிட்டின், எச்பிஏ1சி மூன்றையும் ஒரே நாளில் காலையில் செய்யுங்கள். பெரிட்டினுக்குக் குளிசையை நிறுத்தத் தேவையில்லை. சீரம் அயர்னும் (அந்த நேரம் இரத்தத்தில் ஓடுகிற இரும்பு) எழுதியிருந்தால் மட்டும் அன்று காலைக் குளிசையை இரத்தம் கொடுத்த பிறகு போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த எண் பொய்யாக ஏறி நிற்கும். ஹீமோகுளோபின் 12 ஐத் தொட்டதும் குளிசையை நிறுத்த வேண்டாம், சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது தொடர வேண்டியிருக்கும், டொக்டரிடம் கேட்டுத் தொடருங்கள். ரிப்போர்ட் வந்ததும் எண்களை இங்கே போடுங்கள்.